மான்ஸ்டர் டிரக் நிகழ்ச்சிகள்: பாதுகாப்பு விதிகள் ரசிகர்களுக்கு எதை மாற்றின?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவில் இருக்கிறார். ஏழு வயது மகனுக்கு மான்ஸ்டர் டிரக், அதாவது ராட்சத டயர் மாட்டிய சாகச வண்டி, என்றால் உயிர். கூட வேலை பார்க்கும் மூத்தவர் ஒருவர், "எண்பதுகளில் நாங்கள் பார்த்ததுதான் ஷோ, இப்போது விதிமேல் விதி போட்டு ரசிகர்களைத் தூரத்தில் உட்கார வைத்துக் கெடுத்துவிட்டார்கள்" என்று சொன்னாராம். அது உண்மையா, பையனை எங்கே உட்கார வைப்பது, உள்ளூர்ச் சந்தைத் திடலில் நடக்கும் சின்ன ஷோவுக்கும் அழைத்துப் போகலாமா என்பது கேள்வி.

அந்த மூத்தவர் சொன்னதில் பாதி உண்மை. ரசிகர்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டது நிஜம். ஆனால் ஷோ கெட்டுப்போகவில்லை. இன்றைக்கு டிரக்குகள் காற்றில் செய்யும் வித்தைகளில் முக்கால்வாசி, அந்த விதிகள் வந்ததால்தான் செய்ய முடிகிறது. பெரிய ஸ்டேடியங்களைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. விதிகள் எட்டாத இலவச ஷோக்களையும் ஊர்த் திருவிழா ஷோக்களையும் நினைத்துத்தான் கவலை. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் காலம். மிசௌரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் அருகே, நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கான கடை வைத்திருந்த பாப் சாண்ட்லர் என்பவர், தன்னுடைய 1974 மாடல் ஃபோர்டு எஃப்-250 பிக்கப்பைக் கடை விளம்பரத்துக்காகப் பெரிதாக்கிக்கொண்டே போனார். அதுதான் பிக்ஃபுட். 1981-ல் ஒரு வயலில் பழைய கார்கள் மேல் அதை ஏற்றிப் பார்த்தார். அடுத்த வருடமே மிச்சிகனில் உள்ள பான்டியாக் சில்வர்டோம் மாதிரியான பெரிய அரங்குகளில் கூட்டத்துக்கு முன்னால் செய்து காட்டினார்கள். அன்றைய வண்டி கனமான இரும்பு உடம்பு கொண்டது, லாரிகளில் இருப்பது போன்ற பட்டை ஸ்பிரிங்கில் நின்றது. மெதுவாக வந்து கார் மேல் ஏறும், கூரை நொறுங்கும், கண்ணாடி சிதறும், இறங்கிப் போகும். அவ்வளவுதான் ஷோ. அந்த வேகத்துக்கு, ஒரு கயிறு கட்டி அதற்குப் பின்னால் ஆட்களை நிறுத்தினால் போதும் என்று எல்லோருக்கும் தோன்றியது. யாரையும் குறை சொல்ல முடியாது. வண்டி ஓடிவந்து கூட்டத்தில் பாயும் என்று நினைக்கிற அளவுக்கு அது ஓடவே இல்லை.

பிறகு பந்தயம் வந்தது. 1988 வாக்கில் முறையான பட்டத் தொடர்களே ஆரம்பித்துவிட்டன. 1989-ல் சாண்ட்லரின் குழு பிக்ஃபுட் 8 என்ற வண்டியைக் கொண்டுவந்தது. தொழிற்சாலையில் செய்த அடிச்சட்டகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரும்புக் குழாய்களால் கூண்டு மாதிரி சட்டகம், நைட்ரஜன் நிரப்பிய ஷாக் அப்சார்பர்கள். இதே வழியில் மற்றவர்களும் போனார்கள். எடை குறைந்தது, வேகமும் தாவலும் கூடின. அதுவரை ஆபத்து டிரக்கின் சக்கரத்துக்கு அடியில் மட்டும் இருந்தது. இனி டிரக் போகிற திசை முழுவதும் ஆபத்து.

இன்றைய டிரக் ஏறக்குறைய 12,000 பவுண்டு, அதாவது ஐந்தரை டன் எடை. மெத்தனால் என்ற ஆல்கஹால் எரிபொருளில் ஓடும் என்ஜின் சுமார் 1,500 குதிரைத் திறன் கொடுக்கும். டயர் மட்டும் 66 அங்குல உயரம், ஒரு சராசரி ஆளின் உயரம். (மான்ஸ்டர் ஜாம் என்ற பெரிய ஷோ தொடரில் ஓடும் டிரக்குகளின் டயர்களை 2014 முதல் கொடுப்பது மும்பையைச் சேர்ந்த பி.கே.டி. நிறுவனம் என்பது நம் ஊர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. பையனிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவான்.)

இப்படி ஒரு வண்டியில் ஆக்சிலரேட்டர் அழுத்தின நிலையிலேயே சிக்கிக்கொண்டால்? தாவி விழுந்த அதிர்ச்சியில் ஓட்டுநர் மயங்கிவிட்டால்? இந்தக் கேள்விக்குத்தான் இந்தத் துறை தன் மிக முக்கியமான விதியைப் பதிலாகக் கண்டுபிடித்தது. எண்பதுகளின் கடைசியில் சாண்ட்லரும் மற்ற வண்டி உரிமையாளர்களும் சேர்ந்து மான்ஸ்டர் டிரக் ரேசிங் அசோசியேஷன் என்ற சங்கத்தை அமைத்தார்கள். அந்தச் சங்கத்தின் விதிகளில் மையமானது ஆர்.ஐ.ஐ. என்ற கருவி. வெளியே நிற்கும் ஒரு பாதுகாப்பு அலுவலர் கையில் ரிமோட் இருக்கும். அவர் பட்டனை அழுத்தினால் ரேடியோ அலை மூலம் டிரக்கின் என்ஜின் நின்றுவிடும். ஓட்டுநரின் சம்மதம் தேவையில்லை. இது தவிர ஓட்டுநர் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஸ்விட்ச், வண்டியின் பின்பக்கம் இன்னொரு ஸ்விட்ச். கவிழ்ந்து கிடக்கும் வண்டியை மீட்கப் போகிறவர்கள் அந்தப் பின்பக்க ஸ்விட்சைத் தட்டி மின்சாரத்தை முழுவதுமாகத் துண்டிப்பார்கள்.

ஷோவில் ஒரு டிரக் தலைகீழாக விழுந்ததும் என்ஜின் சத்தம் சட்டென்று அடங்குவதைக் கவனித்திருப்பீர்கள். பல சமயம் அதைச் செய்தது உள்ளே இருப்பவர் அல்ல, மைதான ஓரத்தில் நிற்பவர். ஷோ முழுவதும் அவர் வேலை ஒரே வண்டியைப் பார்த்துக்கொண்டே இருப்பது. கூட்டத்தில் யாரும் அவரைப் பார்ப்பதில்லை. எனக்கோ அங்கே மிகவும் மதிப்புக்குரியவர் அவர்தான்.

ஆனால் இந்த ரிமோட்டை மட்டும் நம்பி இருக்க முடியாது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் கடக்கும். ஏதோ தவறு என்று மூளை உணர்ந்து, விரல் அழுத்த ஒரு விநாடியாவது ஆகும். என்ஜின் நின்ற பிறகும் ஐந்தரை டன் எடை தன் வேகத்திலேயே இன்னும் கொஞ்ச தூரம் உருளும். அப்படியானால், டிரக் வரும் திசையில் 10 மீட்டர் தள்ளி நிற்கும் ஆளை எந்த ரிமோட்டாலும் காப்பாற்ற முடியாது. அதனால்தான் தூரம், தடுப்புச் சுவர், டிரக் ஓடும் திசை, ரிமோட் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று கட்டிப்போட்ட விதிகள். ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது பாதி வேலைதான் செய்யும். "ரசிகர்களைத் தள்ளி உட்கார வைத்துவிட்டார்கள்" என்ற குறைக்கு என் பதில் இந்தக் கணக்குதான்.

தூரம் மட்டும் போதாது என்பதையும் இந்தத் துறை மிகவும் வேதனையான விதத்தில் தெரிந்துகொண்டது. 2009 ஜனவரியில் வாஷிங்டன் மாநிலத்தின் டக்கோமா டோம் அரங்கில், ஓடிக்கொண்டிருந்த ஒரு டிரக்கிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்த இரும்புத் துண்டு பார்வையாளர் வரிசைக்குள் விழுந்தது. ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்துபோனான், இன்னொருவர் காயமடைந்தார். டிரக் தன் தடத்தைவிட்டு விலகவே இல்லை. ஓட்டுநர் தப்பு ஏதும் செய்து கூட்டத்துக்குள் பாயவில்லை. சுழலும் பாகம் ஒன்று உடைந்தது, அவ்வளவுதான். ஒரு தகப்பன் தன் பையனை அழைத்துக்கொண்டு போய் உட்காருகிற சாதாரண இருக்கைதான் அது. இந்தச் சம்பவத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

சுழலும் பாகங்கள் என்றால், கியர்பாக்ஸிலிருந்து அச்சுக்குப் போகும் ஷாஃப்ட், அதன் இணைப்புகள், என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் ஆகியவை. இவை உடைந்தால் துப்பாக்கிக் குண்டு மாதிரி கிளம்பும். ஆகவே ஷாஃப்ட்டைச் சுற்றி வளையங்கள், கியர்பாக்ஸ் மேல் கவசம், சூப்பர்சார்ஜர் வெடித்தால் இழுத்துப் பிடிக்கத் தடித்த பட்டைகள் என்று எல்லாவற்றுக்கும் ஒரு கட்டு இருக்கிறது. உடைவதைத் தடுக்கவே முடியாது, உடைந்தது வண்டியைவிட்டு வெளியே போகக்கூடாது என்பதுதான் இதன் தத்துவம். டிரக்கைப் பக்கத்திலிருந்து பார்த்தால், அழகுக்காகப் போட்டது போலத் தோன்றும் பல வளையங்களும் வார்களும் உண்மையில் உங்களுக்காகப் போடப்பட்டவை.

அதே 2009 ஜனவரியில் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசனில் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் ஒருவரே டிரக் முன்னால் குறுக்கே வந்து அடிபட்டு இறந்தார். மைதானத்தில் வேலை இல்லாத எவரும் உள்ளே இறங்கக்கூடாது என்ற கெடுபிடி ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கு வண்டியின் மூக்குக்கு நேர் கீழே நிற்கும் ஆள் தெரியமாட்டார்.

சரி, இப்போது நான் சொல்லவந்த முக்கியமான இடம். இந்த விதிகள் எல்லாம் பெரும்பாலும் சங்கமும், பெரிய நிறுவனங்களும், அரங்கு உரிமையாளர்களும், காப்பீட்டு நிறுவனங்களும் தமக்குள் போட்டுக்கொண்டவை. அமெரிக்காவில் மான்ஸ்டர் டிரக் ஷோவுக்கென்று நாடு முழுவதற்குமான தனிச் சட்டம் எதுவும் கிடையாது. சங்கத்துக்கு வெளியே இருப்பவர், வேறு நாட்டில் இருப்பவர், ஒரு டிரக்கை வாங்கி ஒரு திடலைப் பிடித்துவிட்டால் அந்த விதிகள் தாமாக அவரைத் தொடர்ந்து போகாது. விளைவை இரண்டு ஊர்களில் பார்த்தோம்.

2013 அக்டோபர் 5, மெக்சிகோவின் சிவாவா நகரம். வான் சாகச விழாவின் ஒரு பகுதியாக டிரக் ஷோ. கார்கள் மேல் ஏறி இறங்கிய டிரக் நிற்காமல் நேராகக் கூட்டத்துக்குள் போனது. குறைந்தது எட்டுப் பேர் இறந்தார்கள், குழந்தைகளும் உண்டு. எழுபதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். டிரக் வந்த திசையில் உருப்படியான தடுப்பு இல்லை. வெளியிலிருந்து என்ஜினை அணைத்து அந்த ஓட்டத்தை நிறுத்த யாராலும் முடியவில்லை.

அடுத்த வருடமே, 2014 செப்டம்பர் 28, நெதர்லாந்தின் ஹாக்ஸ்பெர்கன் என்ற சிற்றூர். விதிகளுக்குப் பேர்போன நாடு. ஒரு வாகனத் திருவிழா, கார் நிறுத்துமிடத்தில் ஷோ, குடும்பம் குடும்பமாகக் கூட்டம். டிரக் வரிசையாக நின்ற கார்களைத் தாண்டிவிட்டுத் திரும்பாமல் பார்வையாளர்கள் மீது ஏறியது. மூன்று பேர் இறந்தார்கள், 28 பேர் காயமடைந்தார்கள். நெதர்லாந்தின் பாதுகாப்பு விசாரணை வாரியம் இதை ஆராய்ந்து, ஓட்டுநரோடு நிறுத்தாமல் ஏற்பாட்டாளர்களையும் அனுமதி கொடுத்த நகராட்சியையும் கடுமையாக விமர்சித்தது. ஆபத்து எவ்வளவு என்று எடைபோடாமலே அனுமதி கொடுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு தரப்பும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டது. அந்த அறிக்கைக்குப் பிறகு மேயர் பதவி விலகினார்.

இரண்டு இடத்திலும் கூட்டம் டிரக்கின் ஓட்டத் திசைக்கு நேர் எதிரில் எட்டுகிற தூரத்தில் இருந்தது. இரண்டு இடத்திலும் ஷோ, ஒரு பெரிய விழாவின் ஓரத்தில் ஒட்டவைத்த அயிட்டம். அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் அலுவலருக்கு மேடை, ஒலிபெருக்கி, கழிப்பறை, கூட்ட நெரிசல் பற்றியெல்லாம் கேள்வி கேட்கத் தெரியும். ஐந்தரை டன் வண்டிக்கு ஆக்சிலரேட்டர் சிக்கினால் என்ன ஆகும் என்று கேட்கத் தெரியாது. அவர் கெட்டவர் அல்ல, அவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. இந்த ஓட்டை இன்றும் பல நாடுகளில் அப்படியே இருக்கிறது. 2024 மே மாதம்கூட அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் ஒரு சந்தைத் திடலில் தாவிய டிரக் மேலே போன மின்கம்பியில் மாட்டி, கம்பம் பார்வையாளர் பக்கம் சாய்ந்தது. மைதானத்துக்கு மேலே கம்பி போகிறதா என்று பார்ப்பது விதிப்புத்தகம் இல்லாமலே தோன்ற வேண்டிய விஷயம்.

இனி, ரசிகர்கள் இழந்தது என்ன, பெற்றது என்ன என்று பார்ப்போம். இழந்தது நெருக்கம். தரையோடு ஒட்டிய முன்வரிசைகளைப் பல அரங்குகளில் விற்பதே இல்லை, காலியாக விடுகிறார்கள். கார் நொறுக்குவதும் குறைந்துவிட்டது. இப்போது மண்மேடுகளும் சரிவுகளும்தான் அதிகம். நொறுக்குவதற்கு வைக்கும் கார்களிலும் பெட்ரோல், பேட்டரி போன்றவற்றை முன்கூட்டியே எடுத்துவிடுவார்கள். எண்பதுகளில் பார்த்தவருக்கு இதெல்லாம் சப்பென்று தெரியலாம். அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது.

பெற்றதோ மிகப் பெரிது. 2010-ல் ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் கேம் மெக்வீன் மான்ஸ்டர் ஜாம் நிகழ்ச்சியில் பின்னோக்கிக் குட்டிக்கரணம் அடித்து நின்றார். 2017-ல் லாஸ் வேகஸில் லீ ஓடானல் முன்னோக்கிக் குட்டிக்கரணம் அடித்தார். ஐந்தரை டன் வண்டி! பாப் சாண்ட்லரின் முதல் பிக்ஃபுட்டில் இதை முயன்றிருந்தால் ஓட்டுநர் உயிரோடு இருந்திருக்கமாட்டார். குழாய்க் கூண்டு, உடம்பை இறுக்கிக் கட்டும் பல முனை பெல்ட், கழுத்து ஒடியாமல் ஹெல்மெட்டைப் பிடித்து வைக்கும் கருவி, தீப்பிடிக்காத உடை எல்லாம் கட்டாயமான பிறகுதான் இந்தத் தைரியம் வந்தது. மெத்தனால் நெருப்பு பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது என்பதால் அந்த உடை வெறும் அலங்காரம் அல்ல. அப்படியும் ஆபத்து முழுவதும் நீங்கிவிடவில்லை. கிரேவ் டிக்கர் என்ற புகழ்பெற்ற டிரக்கை உருவாக்கிய டென்னிஸ் ஆண்டர்சன் 2017-ல் டாம்பாவில் மோசமாக அடிபட்டார், அதற்குப் பிறகு பந்தயத்துக்குத் திரும்பவில்லை.

இழந்த நெருக்கத்தையும் வேறு வடிவில் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ஷோ தொடங்குவதற்கு முன்னால் பிட் பார்ட்டி என்று ஒன்று நடக்கும். தனி டிக்கெட் வாங்கினால், என்ஜின் அணைந்து நிற்கும் டிரக்குகளுக்குப் பக்கத்தில் போய்ப் படம் எடுக்கலாம், ஓட்டுநர்களிடம் கையெழுத்து வாங்கலாம். டயர் பக்கத்தில் நிற்கும் குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும். நெருக்கம் வேண்டுமானால் வண்டி ஓடாதபோது, ஓடும்போது தூரம் என்ற இந்தப் பிரிவினை எனக்கு மிகச் சரியாகப் படுகிறது.

சத்தத்தைப் பற்றி நம் ஆட்கள் அலட்சியமாக இருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். மூடிய அரங்கில் டிரக் சத்தம் 100 டெசிபலை ஒட்டிப் போகக்கூடும். தொழிலாளர் நலனுக்கான அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வரும்போது அது 15 நிமிடம்தான். ஷோ இரண்டு மணி நேரம் நடக்கும். பஞ்சு வைத்தால் போதாது. குழந்தைகளுக்கென்று விற்கும், காதை முழுவதும் மூடும் இயர்மஃப் வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டிலிருந்தே மாட்டிப் பழக்குங்கள், இல்லாவிட்டால் பாதி ஷோவில் கழற்றி எறிவான். ஆஸ்துமா இருந்தால் உள்ளரங்கைவிடத் திறந்த ஸ்டேடியம் நல்லது. மூடிய இடத்தில் புகை சேரும், காற்றோட்டம் அரங்குக்கு அரங்கு மாறும்.

இருக்கைக்கு வருவோம். முன்வரிசை வேண்டாம், நடு உயரத்தில் எடுங்கள். பாதுகாப்பு ஒரு காரணம். இன்னொன்று, டிரக் காற்றில் இருப்பதை மேலிருந்து பார்த்தால்தான் முழுசாகத் தெரியும், தரை மட்டத்தில் மண்மேடு மறைத்துவிடும். டிரக்குகள் தாவி இறங்கி ஓடும் நேர்கோட்டின் முனையில் உட்காராமல் பக்கவாட்டில் உட்காருவது என் வழக்கம்.

உள்ளூர்ச் சந்தைத் திடல் ஷோவுக்குப் போகவே கூடாதா என்றால், அப்படிச் சொல்லமாட்டேன். பல வருடமாக முறையாக நடத்தும் நல்ல குழுக்கள் இருக்கின்றன, அவர்கள் வயிற்றில் அடிக்கவும் எனக்கு மனசில்லை. போனதும் உட்காருவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் சுற்றிப் பாருங்கள். கூட்டத்துக்கும் டிரக்குக்கும் நடுவில் கான்கிரீட் தடுப்போ உயரமான மண்கரையோ இருக்க வேண்டும். வெறும் கயிறும், கூட்டத்தைத் தடுக்க வைக்கும் மெல்லிய கம்பி வேலியும் டிரக்கைத் தடுக்காது. டிரக் தாவி இறங்கும் திசைக்கு எதிரில் ஆட்கள் நிற்கக்கூடாது. மேலே மின்கம்பி போகக்கூடாது. மைதான ஓரத்தில் ரிமோட்டோடு ஒரு ஆள் நிற்க வேண்டும். இவற்றில் முதல் இரண்டும் சரியில்லை என்றால் டிக்கெட் காசு போனால் போகட்டும் என்று பையனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அழுவான், ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள்.

ரிமோட் ஆள் இருக்கிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பிட் பார்ட்டி இருந்தால் அங்கேயே கேட்கலாம், இல்லாவிட்டால் ஷோவுக்கு முன் பணியாளர்களிடம் கேளுங்கள். "ஆர்.ஐ.ஐ. யார் கையில் இருக்கிறது, இன்றைக்குச் சோதித்தீர்களா?" என்று கேட்டாலே போதும். முறையாக நடத்துகிறவர்கள் இந்தக் கேள்விக்குக் கோபப்படுவதில்லை, வண்டியில் அது எங்கே பொருத்தியிருக்கிறது என்று காட்டவும் செய்வார்கள். பையனையே கேட்க விடுங்கள்.